ஸ்க்ரூவைத் திருகாதீங்க, முதல்ல எது ஆடுதுன்னு பாருங்க: 9 எம்எம் ரீலோடிங் பிரஸ் ரிப்பேர் பதிவு

ரீலோடிங் பிரஸ்ல (சுட்ட தோட்டாவோட காலி கேஸை மறுபடி தோட்டாவாக்குற மெஷின்) ஏதாவது கோளாறுன்னா கை தானா அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். பவுடர் கம்மியா விழுதா, பவுடரை அளக்கிற பாரோட ஸ்க்ரூவைக் கால் சுத்து திருகு. புல்லட் தூக்கி நிக்குதா, அதை அமுக்கி உக்கார வைக்கிற சீட்டிங் டையை இறக்கு. அப்படித் திருகினா அடுத்த பத்து ரவுண்டு சரியா வரும், பதினொண்ணாவதுல இன்னொண்ணு கெட்டிருக்கும், அதுக்கு வேற ஒண்ணைத் திருகுவோம், கடைசில எது எங்க இருந்துச்சுன்னே தெரியாது. இந்தத் தடவை ஒண்ணையும் தொடாம வரிசையா பார்த்துட்டு வந்தேன், அதைத்தான் எழுதறேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ரெண்டு வரி. சுட்டு முடிச்ச தோட்டாவுல செலவாகிறது பிரைமர் (அடி வாங்கினா பொறி விடுற குட்டி மூடி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்து போற முனை) மூணும்தான், பித்தளை கேஸ் அப்படியே கீழ விழும். அதைப் பொறுக்கி, கழுவி, பழைய அளவுக்கு அமுக்கி, புது பிரைமர் வச்சு, பவுடர் அளந்து போட்டு, புல்லட்டை உக்கார வச்சா மறுபடி சுடலாம். நான் இருக்கிறது அரிசோனா, சான்ட்லர். இங்க சொந்த உபயோகத்துக்குப் பண்ணிக்க ஃபெடரல் லைசென்ஸ் எதுவும் வேண்டாம், பண்ணி விக்கணும்னாதான் ஏடிஎஃப் (துப்பாக்கி, தோட்டா விஷயத்தைக் கவனிக்கிற அமெரிக்க ஃபெடரல் துறை) கிட்ட டைப் 06 லைசென்ஸ் எடுக்கணும். இந்தியாவுல இருந்து படிக்கிறீங்கன்னா இது வேடிக்கை பார்க்க மட்டும், 1959 ஆயுதச் சட்டப்படி அங்க லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குத்தம். அப்புறம் எந்த பவுடர் எத்தனை கிரெயின்னு (பவுடர் எடையை அளக்கிற அலகு) இதுல ஒரு இடத்துலயும் எழுத மாட்டேன், அதுக்கு பவுடர் கம்பெனிக்காரங்களே அச்சடிச்ச லோட் புக் இருக்கு, அதைத் தவிர யார் சொன்னாலும் கேக்காதீங்க, நான் சொன்னாலும்.

என்னோடது அஞ்சு ஸ்டேஷன் புரோகிரசிவ் பிரஸ், தட்டு தானா சுத்தும். முதல் ஸ்டேஷன்ல கேஸை அமுக்கி பழைய பிரைமரைத் தள்ளிடும், ரெண்டாவதுல லீவரை முன்னாடி தள்ளும்போது புது பிரைமர் ஏறும், அங்கயே லீவரை இழுக்கும்போது பவுடர் விழுந்து கேஸ் வாய் லேசா விரியும், மூணாவதுல பவுடர் அளவைப் பார்க்கிற செக் டை, நாலாவதுல புல்லட் உக்காரும், அஞ்சாவதுல கிரிம்ப், அதாவது விரிஞ்ச கேஸ் வாயைத் திரும்ப அமுக்கி மூடுறது. ஒரு இழுப்புக்கு ஒரு ரவுண்டு. வேகம்தான் இதோட பெருமை, தொல்லையும் அதுதான், ஏன்னா ஒரே நேரத்துல அஞ்சு வேலை நடக்கும்போது எது எதைக் கெடுக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது.

வீட்டுல கராஜ் வேலை நடந்ததால பழைய மர பெஞ்சை எடுத்துட்டு கடையில வாங்கின இரும்புக் கால் பெஞ்ச் ஒண்ணு போட்டோம். அதுக்கப்புறம் மே மாசம் மொத்தமா மூணு கோளாறு. பவுடர் ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு விழுது. பிரைமர் சிலது கேஸ் அடிப்பக்கத்துல லேசா தூக்கிட்டு நிக்குது. முழு நீளம் 0.015 அங்குலம் வரைக்கும் மேல கீழ ஓடுது. இதுல கடைசி ரெண்டும் சும்மா அழகுக்குறைன்னு விட முடியாது. பிரைமர் தூக்கி நின்னா ஃபயரிங் பின் அடிக்கிற முதல் அடி அதை உள்ள தள்ளறதுக்கே போயிடும், கிளிக்னு சத்தம் மட்டும் வரும். ஏஆர் ரைஃபிள் மாதிரி ஃபயரிங் பின் ஸ்பிரிங் இல்லாம ஆடிட்டு இருக்கிற துப்பாக்கின்னா போல்ட் மூடும்போதே வெடிக்கவும் வாய்ப்பிருக்கு. புல்லட் ரொம்ப உள்ள போச்சுன்னா 9 எம்எம் மாதிரி குட்டிக் கேஸ்ல பிரஷர் சட்டுனு ஏறும், இந்த காலிபருக்கு சாமி வச்சிருக்கிற உச்சவரம்பே 35,000 பிஎஸ்ஐ. சாமின்னா நம்ம சாமி இல்ல, அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா கம்பெனிங்களுக்கு அளவு நிர்ணயிக்கிற அமைப்பு. நம்ம சாமி வரம்பெல்லாம் சொல்றதில்ல.

முதல்ல ஸ்கேல். பவுடர் நிஜமாவே மாறுதா இல்ல ஸ்கேல் பொய் சொல்லுதான்னு தெரியாம பவுடர் பக்கம் போறதுல அர்த்தமே இல்ல. எங்கிட்ட இருக்கிறது 0.1 கிரெயின் காட்டுற டிஜிட்டல் ஸ்கேல், ஆனா அதோட துல்லியமே கூட்டிக் குறைச்சு 0.1 தான், அதனால 0.2 கிரெயின் வித்தியாசம்னா அது பவுடரா ஸ்கேலான்னு சொல்லவே முடியாது. கூட வந்த பெரிய காலிப்ரேஷன் வெயிட்டை வச்சு சரின்னு முடிவு பண்ணக் கூடாது, நாம நிறுக்கிற அளவுக்குப் பக்கத்துல ஒரு எடை வேணும். 500 மில்லிகிராம் செக் வெயிட் ஒண்ணு இருக்கு, கணக்குப்படி 7.7 கிரெயின். அது இல்லாதவங்க ஒரு அவசரத்துக்கு தேயாத அஞ்சு சென்ட் நிக்கல் காசை வைக்கலாம், 5 கிராம், 77.2 கிரெயின் காட்டணும், ஸ்கேல் பெரிய பொய் சொல்லுதான்னு தெரிஞ்சுக்க அது போதும்.

செக் வெயிட்டை வச்சேன், 7.7. எடுத்து வச்சேன், 7.6. கராஜ் ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வச்சேன், 7.7. ஃபேன் ஆன், 7.9 வரைக்கும் ஆடுது. நகைக்கடையில தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருப்பாங்கல்ல, அதே சமாச்சாரம்தான், மூச்சுக்காத்துகூட இந்த எடையில கணக்குல வரும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வெட்டி மூணு பக்கம் மறைச்சேன், ஸ்கேலை ஆன் பண்ணி அரை மணி நேரம் சூடாக விட்டேன், மேல இருந்த பழைய ட்யூப் லைட்டை அணைச்சேன் (அதோட பேலஸ்ட், நம்ம ஊர்ல சோக்குன்னு சொல்றது, சில ஸ்கேலைக் குழப்பும்). நின்னுடுச்சு. இன்னொரு விஷயம், இந்த ஸ்கேல் எல்லாத்துலயும் தானா ஜீரோ பண்ணிக்கிற புத்தி உண்டு, தட்டுல பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தா அது அதை டிரிஃப்ட்னு நெனச்சு முழுங்கிடும், நீங்க போட்டுட்டே இருப்பீங்க நம்பர் ஏறாது. தட்டைத் தூக்கித் திரும்ப வச்சுப் பாருங்க, அப்பதான் நிஜ நம்பர்.

ஸ்கேல் சரியான பிறகும் பவுடர் 0.3 வரைக்கும் மாறிச்சு. பத்து சார்ஜை (பத்து தடவை விழுந்த பவுடரை) ஒண்ணாப் போட்டு நிறுத்துப் பத்தால வகுக்கிற வழக்கம் நிறைய பேருக்கு உண்டு, எனக்கும் உண்டு, ஆனா சராசரி செட் பண்ணத்தான் அது உதவும், ஆட்டத்தைப் பார்க்கணும்னா ஒவ்வொண்ணாத்தான் நிறுக்கணும். ஒண்ணு 0.2 கூட, அடுத்தது 0.1 கம்மின்னா சராசரி தங்கமா வரும், அடில குப்பை.

அடுத்து ஸ்டேடிக். ஃபீனிக்ஸ் பக்கம் மே, ஜூன்ல காத்துல ஈரமே கிடையாது, கார் கதவைத் தொட்டாலே சுரீர்ங்கும். ஹாப்பர் பிளாஸ்டிக், பவுடர் மெல்லிசு செதில், அது சுவர்ல ஒட்டிக்கிட்டு நிக்கிறதை டார்ச் அடிச்சுப் பார்த்தா தெரியும், அதே மாதிரி கீழ விழுற குழாய்க்குள்ளயும் ஒட்டியிருந்தா ஒரு கேஸ்ல கம்மியா விழுந்து அடுத்ததுல சேர்ந்து விழும். டிரையர்ல துணியோட போடுற அந்த வாசனை ஷீட்டால ஹாப்பரை உள்ள துடைச்சேன், பிரஸ்ல இருந்து ஒரு ஒயரை எர்த்துக்கு இழுத்தேன். ஹாப்பர் உள்ள ஒரு பேஃபிள் தகடு வச்சேன், பவுடர் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் கீழ அழுத்தம் ஒரே மாதிரி இருக்கட்டும்னு. கால்வாசிக்குக் கீழ இறங்க விடறதில்ல. 0.3 இருந்தது 0.2 ஆச்சு. பரவால்ல, ஆனா பழைய பெஞ்ச்ல இதே பவுடர் இதே மே மாசம் 0.1க்குள்ள விழுந்துட்டு இருந்துச்சே.

இங்க நிறுத்திட்டுப் பிரைமர் பக்கம் போனேன். தூக்கி நிக்குற பிரைமருக்கு முதல் சந்தேகம் எப்பவும் கேஸ் மேலதான், ஏன்னா சுடப் போற ரேஞ்ச்ல பொறுக்கின பித்தளைல மிலிட்டரி கேஸ் கலந்திருக்கும், அதுல பிரைமரைச் சுத்தி ஒரு வளையம் அமுக்கியிருப்பாங்க, அந்தக் கிரிம்ப்பை ஸ்வேஜ் பண்ணியோ (அமுக்கி விரிச்சோ) சுரண்டியோ எடுக்காம புது பிரைமர் ஒழுங்காப் போகாது. அடில டபிள்யூசிசின்னு வருஷத்தோட இருக்கிறது, வட்டத்துக்குள்ள சிலுவை போட்ட நேட்டோ முத்திரை இருக்கிறது, எல்லாத்தையும் பிரிச்சுத் தனியா வச்சேன். வெறும் கமர்ஷியல் கேஸா ஓட்டினேன். எண்ணிக்கை குறைஞ்சுது, நிக்கல. காலிப்பரோட பின்பக்கக் குச்சியை வச்சு ஆழம் பார்த்தா சரியா உக்கார்ந்தது 0.004 அங்குலம் உள்ள இருக்கு, கெட்டது மட்டத்துலயே இல்ல அதுக்கும் மேல. விரலால தடவினாலே தெரியும், நகம் மாட்டும்.

ஒண்ணு கவனிச்சேன். தூக்கி நின்ன பிரைமர் சிலதோட முகத்துல குட்டியா ஒரு பள்ளம், ஊசி முனையை வச்சு அமுக்கினாப்ல. பிரைமரைத் தள்ளி ஏத்துற பஞ்ச்சைக் கழட்டி லென்ஸ்ல பார்த்தா அதோட முகத்துல ஒட்டிக்கிட்டு ஒரு பவுடர் செதில். ஷெல் பிளேட்டை (கேஸ் நிக்கிற அந்தச் சுத்துற தட்டு) கழட்டினா அதுக்கு அடியிலயும் பச்சையும் கருப்புமா பவுடர் தூவிக் கிடக்கு.

பவுடர் எப்படி அங்க வந்துச்சுங்கிறதுதான் இந்த மொத்தக் கதையும். தட்டு ஒரு ஸ்டேஷன்ல இருந்து அடுத்ததுக்கு சுத்தும்போது கடைசில ஒரு ஸ்டீல் பால் பள்ளத்துல விழுந்து டக்குனு நிக்கும். அந்த டக்குல கேஸ்ல இருக்கிற பவுடர் எகிறும், 9 எம்எம் கேஸ் குட்டி, வாய் வரைக்கும் தூரமே இல்ல, ஒண்ணு ரெண்டு செதில் வெளிய தெறிக்கும். தெறிச்சது தட்டுக்கு அடில போகும், அங்க இருந்து பஞ்ச் மேல போகும், பஞ்ச் மேல இருந்தா பிரைமர் கோணலா ஏறும். தட்டுக்கு அடில போனது தட்டையே ஒரு பக்கம் தூக்கும், அப்ப நீளமும் மாறும். மூணு கோளாறு இல்ல, ஒண்ணுதான், மூணு இடத்துல முகம் காட்டுது.

ஆனா இந்த டக்கு பழைய பெஞ்ச்லயும் இருந்துச்சு. அப்ப தெறிக்கலையே? பக்கத்துத் தெருவுல இருக்கிற மதுரைக்காரத் தம்பி ஒருத்தன் வந்திருந்தான், பென் ஏவரி ரேஞ்சுக்கு என்கூட வர்றவன், அவனை லீவரை இழுக்கச் சொல்லிட்டு நான் கீழ உக்கார்ந்து பெஞ்ச்சையும் பிரஸ் அடியையும் பார்த்தேன்.

"அண்ணே, பிரஸ் இல்லண்ணே, பலகையே மூச்சு விடுது."

அப்படியேதான். லீவரை இழுக்கும்போது பிரஸ்ஸோட முன்பக்க அடிக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையுது, விட்டா மூடிக்குது. மேல பார்க்க ரப்பர்வுட் மாதிரி இருந்த பலகை உள்ள அமுக்கின மரத்தூள், போல்ட் தலை அதுக்குள்ள நசுங்கி இறங்கியிருக்கு. இரும்புக் கால் மெலிசு, குறுக்குச் சட்டம் பின்பக்கம் மட்டும். கேஸை சைஸ் பண்றதுக்கு நல்ல பலம் கொடுக்கணும், அந்த பலத்துல பாதி பெஞ்ச்சை வளைக்கப் போகுது, திரும்பி வரும்போது பெஞ்ச் ஸ்பிரிங் மாதிரி உதறுது, அந்த உதறல் டக்கோட சேர்ந்துக்குது. ஹாப்பர்ல பவுடர் அந்த உதறல்ல ஒரு தடவை கெட்டியா படியும், ஒரு தடவை லூசா இருக்கும், பார் அளக்கிறது எடையை இல்ல, கன அளவை, அதனால எடை மாறும். பிரைமர் ஏத்த முன்னாடி தள்ளும்போது கைக்கு முட்டின மாதிரி இருக்கும், முட்டினது பிரைமர் இல்ல, பெஞ்ச்.

ரிப்பேர் செலவு பவுடர் டப்பா ஒண்ணோட விலைகூட ஆகல. முக்கால் அங்குல பிளைவுட் ரெண்டு, பசை போட்டு ஒட்டி ஸ்க்ரூ அடிச்சு பலகை மேல போட்டேன். பிரஸ் போல்ட்டுக்கு அடில வாஷருக்குப் பதிலா ஒரு இரும்புத் தகடு, போல்ட் நாலும் அது வழியா. பெஞ்ச்சோட பின்பக்கத்தை எல் ஆங்கிள் போட்டு சுவத்துல ஸ்டட்ல (சுவருக்குள்ள நிக்கிற சட்டம்) முடுக்கினேன். ஸ்டட் 16 அங்குலத்துக்கு ஒண்ணு இருக்கும், ஸ்டட்ல போடாம மேல மூடியிருக்கிற டிரைவால் பலகைல ஸ்க்ரூ போட்டா சுவர்தான் பிஞ்சு வரும். பெஞ்ச் காலுக்கு முன்பக்கமும் ஒரு குறுக்குக் கட்டை. இப்ப லீவரை இழுத்தா கார்டு நுழையல.

அப்புறம் ஷெல் பிளேட். நடு போல்ட்டைத் தட்டு சுத்தாம பிடிக்கிற வரைக்கும் முடுக்கிட்டு, எட்டுல ஒரு பங்கு சுத்து பின்னாடி விட்டு, லாக் ஸ்க்ரூவை இறுக்கணும். இது மெதுவா லூசாகிட்டே வரும் பார்ட்டு, ஒரு பெரிய டப்பா கேஸ் ஓட்டினா கையால அசைச்சுப் பார்த்துடுங்க, மேல கீழ ஆட்டம் தெரிஞ்சா பிரைமர் ஆழமும் கூடவே ஆடும். டக்குனு நிறுத்துற அந்த ஸ்டீல் பாலுக்கு அடில இருக்கிற ஸ்பிரிங்கை கொஞ்சம் மெலிசானதா மாத்தினேன், டக்கு சத்தம் பாதியாச்சு. லீவரைக் கடைசி அரை அங்குலம் மெதுவா விடுறதும் அதே வேலையைச் செய்யும், காசே இல்லாம.

நீளம் மட்டும் இன்னும் 0.006 ஆடிச்சு. சீட்டிங் டையைக் கழட்டிப் பார்த்தா ஸ்டெம்ல (புல்லட்டை அமுக்குற தண்டு) மெழுகும் ஈயத் துருவலும் கெட்டியா அப்பியிருக்கு, சுரண்டி, பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்சேன். ஸ்டெம் உருண்டை மூக்கு புல்லட்டுக்கானது, நான் போடுறது தட்டை மூக்கு, திருப்பிப் போட்டேன். இன்னொண்ணு பலருக்குத் தெரியாது, டையை செட் பண்ணும்போது தட்டுல ஒரே ஒரு கேஸை வச்சு செட் பண்ணா அது ஒரு நீளம், அஞ்சு ஸ்டேஷனும் நிறைஞ்சு ஓடும்போது வேற நீளம், ஏன்னா முதல் ஸ்டேஷன்ல சைஸ் பண்ற அழுத்தம் தட்டை ஒரு பக்கம் சாய்க்குது. எல்லா ஸ்டேஷன்லயும் கேஸ் இருக்கும்போதுதான் டையைப் பூட்டணும். தட்டு நிறையாம இருக்கிற ஆரம்பத்துலயும் கடைசிலயும் சிலது நீளம் மாறி வர்றதுக்கும் இதான் காரணம், மெஷினைத் திட்டாதீங்க. 9 எம்எம்க்கு முழு நீள உச்சம் 1.169 அங்குலம், நம்ம நீளம் அதுக்குள்ள, லோட் புக் சொல்ற இடத்துல, கூடவே நம்ம பேரலுக்கும் ஒத்து வரணும். பேரலைக் கழட்டி ரவுண்டை உள்ள போட்டா பிளங்க்னு விழணும், விரலால சுத்தினா சுத்தணும், தலைகீழாக் கவுத்தா தானா விழணும்.

சரி, அந்த மதுரைத் தம்பி சும்மா வரல. சைசிங் டை (கேஸைப் பழைய அளவுக்கு அமுக்குறது) ஒண்ணைக் கையில கொண்டு வந்திருந்தான், உள்ள .308 வின்செஸ்டர் ரைஃபிள் கேஸ் ஒண்ணு சிக்கி, ரிம்மைப் பிரஸ் பிச்செடுத்துட்டுத் தனியா வந்திருக்கு. பாட்டில் மாதிரி கழுத்து குறுகின பாட்டில்நெக் கேஸ்ல இது நடக்காத ஆளே கிடையாது, லூப் (வழுக்குறதுக்குத் தடவுறது) கொஞ்சம் குறைஞ்சா பித்தளை எஃகைக் கட்டிப்பிடிச்சுக்கும். அவன் லனோலினும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் கலந்து ஸ்ப்ரே அடிக்கிறவன், அதுல ஆல்கஹால் ஆவியாகுற வரைக்கும் காத்திருக்கணும், கேஸைப் புரட்டிப் புரட்டி எல்லாப் பக்கமும் படணும். சுத்தியலால தட்டி எடுக்கப் பார்த்தா பழைய பிரைமரைத் தள்ளுற டிகேப்பிங் ராடு வளையும், டை போயிடும். ராடை எவ்வளவு மேல தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினோம். பழைய பிரைமர் வெளிய போயிடுச்சான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தோம், அது முக்கியம், உள்ள பிரைமர் இருக்கிற கேஸ்ல டிரில் வைக்கவே கூடாது. நம்பர் 7 டிரில்லால பிரைமர் உக்கார்ற பள்ளத்தோட நடுவுல இருக்கிற குட்டி ஃபிளாஷ் ஓட்டையைப் பெருசாக்கி, கால் அங்குலம் 20 டேப்பால மரை வெட்டி, டை மேல ஒரு சாக்கெட்டைக் கவுத்து, வாஷர் போட்டு, போல்ட்டை முடுக்கிக்கிட்டே போனா கேஸ் தானா மேல ஏறி வரும். வரல. டையை ஃப்ரீசர்ல வச்சோம், பித்தளை எஃகைவிட அதிகமா சுருங்கும்ல. மாம்பழக் கூழ் டப்பாவுக்குப் பக்கத்துல வச்சதுக்கு வீட்டம்மாகிட்ட வாங்கின பேச்சு தனி, அதுல நியாயமும் உண்டு, பிரைமர் எச்சத்துல ஈயம் இருக்கு, மூணு கவர் சுத்தி வச்சிருந்தோம்னாலும் சாப்பாட்டுப் பக்கம் இது வரவே கூடாது. இப்ப கராஜ்ல ஐஸ் பெட்டி ஒண்ணு இதுக்குன்னே இருக்கு. எடுத்த கையோட முடுக்கினா டொக்குனு ஒரு சத்தம், கேஸ் வந்துடுச்சு. டைக்கு ஒரு கீறல் இல்ல.

பெஞ்ச் வேலை முடிச்சு ஒட்டின பசை காய்ஞ்சப்புறம் அதே பவுடர், அதே பார் செட்டிங், பவுடர் ஸ்க்ரூவைத் தொடவே இல்ல. ஒவ்வொண்ணா நிறுத்தேன், 0.1க்குள்ள. பிரைமர் எல்லாம் 0.003ல இருந்து 0.005க்குள்ள. நீளம் 0.003 ஆட்டம், கலப்படப் பித்தளைக்கு இதுக்கு மேல எதிர்பார்க்கிறது பேராசை. கோளாறு காலத்துல ஓட்டினது, சந்தேகமா இருந்தது எல்லாத்தையும் சுத்தியல் மாதிரி இருக்கிற புல்லர்ல தட்டிப் பிரிச்சுட்டேன், புல்லட்டும் கேஸும் திரும்பப் பயன்படும், பவுடரைத் தோட்டத்துல தூவிட்டேன். "சுட்டுப் பார்த்துடலாம்ணே"ன்னான் தம்பி. பவுடர் கம்மியா போன ஒண்ணு பேரல் நடுவுல புல்லட்டை நிறுத்திட்டு, அதைக் கவனிக்காம அடுத்ததைச் சுட்டா பேரலும் விரலும் சேர்ந்து போகும், அதுக்குப் பதிலா ஒரு சாயங்காலம் தட்டிட்டு உக்காரலாம்.

மிச்சம் இருக்கிற தொல்லை ஒண்ணுதான், டிகேப்பிங் பின். சின்ன ஸ்டீல் ஊசி போட்டு ஈரமாக் கழுவுறேன்ல, அந்த ஊசி ரெண்டு சேர்ந்து ஃபிளாஷ் ஓட்டைல சிக்கினா பின் முனை வளைஞ்சுடுது. கழுவின கேஸை வலைத்தட்டுல கொட்டி உலுக்கினாலும் ஒண்ணு ரெண்டு தப்பிக்குது. காந்தத்தட்டு வாங்கலாம்னா என் ஊசி ஸ்டெயின்லெஸ், அரைகுறையாத்தான் ஒட்டும். பேசாம மறுபடி கார்ன் காப் தூளுக்கே (மக்காச்சோளக் கட்டைத் தூள்ல உருட்டி சுத்தம் பண்றது) போகலாமான்னு ஒரு யோசனை, ஆனா அதுல வர்ற தூசில ஈயம், அதை வீட்டுக்கு வெளியதான் ஓட்டணும், இந்த ஜூன் வெயில்ல வெளிய நிக்க யாரால முடியும், ஜூலைல மழை வரட்டும் பார்க்கலாம். அதுவரைக்கும் பின் ஒரு பாக்கெட் கூட வாங்கி டிராயர்ல போட்டு வச்சிருக்கேன்.